காஜியை விட்டுக்கொடுக்கும் கேப்டன், பந்தைத் தேய்க்கும் கைகள்: டெஸ்ட் மேட்சுக்குப் புதியவர்களுக்கு

சந்தில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்களுக்கு டெஸ்ட் மேட்சில் முதலில் உறைக்காத விஷயம் ஒன்று உண்டு. நம் ஊரில் காஜி, அதாவது பேட்டிங் முறை, கிடைத்தவன் அதை லேசில் விடமாட்டான். ஸ்டம்ப் பறந்தாலும் 'ட்ரையல் பால்டா' என்பான், எல்லோரும் சேர்ந்து நெருக்கினால் 'அம்மா கூப்பிடுறாங்க' என்று பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கே போய்விடுவான். டெஸ்டில் பார்த்தால், நன்றாக அடித்துக்கொண்டிருக்கும்போதே கேப்டன் பால்கனியில் எழுந்து நின்று 'போதும், வாங்க' என்று கையசைக்கிறார்.

2024 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் வங்கதேசத்துடன் நடந்த டெஸ்டின் மூன்றாம் நாள் என் அக்கா மகளைக் கூட்டிப்போயிருந்தேன். ஐபிஎல் மட்டுமே பார்த்துப் பழகியவள். பந்த் 109 அடித்து அவுட்டாகிப் போயிருந்தார், கில் 119 ரன்னோடு நின்றுகொண்டிருந்தார், ஸ்கோர் 287க்கு 4, திடீரென்று எல்லோரும் உள்ளே நடக்க ஆரம்பித்தார்கள். "மாமா, மழையா?" என்றாள். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. "டிக்ளேர் பண்ணிட்டாங்கம்மா" என்றேன். "அப்படின்னா?"

அன்று மாலை வரை அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். கூடவே பந்தைக் கெடுக்கும் கதையும் வரும். இது ஏன் அதோடு சேர்ந்து வருகிறது என்பது படிக்கப் படிக்கத் தெரியும்.

முதல் படி: இருபதை எண்ணுங்கள்

ஐபிஎல்லில் ஒரு விக்கெட்கூட எடுக்காமல் ஜெயித்துவிடலாம். எதிரணி 20 ஓவரில் நம்மைவிடக் குறைவாக அடித்தால் போதும். டெஸ்டில் அந்த வசதி கிடையாது. எதிரணியின் இரண்டு இன்னிங்ஸும் முடிந்தாக வேண்டும், அவர்களே டிக்ளேர் செய்துகொடுத்தால் தவிர, பத்தும் பத்தும் இருபது விக்கெட்டை நாம்தான் பிடுங்க வேண்டும். நீங்கள் 700 ரன் குவித்திருந்தாலும், அவர்களுடைய கடைசி ஜோடி ஐந்தாம் நாள் சாயங்காலம் வரை கட்டை போட்டு நின்றுவிட்டால் டிராதான், அந்த 700 வெறும் புள்ளிவிவரம்.

ஒரு நாளைக்கு 90 ஓவர், ஐந்து நாளைக்கு 450. மழை, வெளிச்சம் எல்லாம் இதிலிருந்துதான் தின்னும். நாம் பேட்டிங் செய்யும் ஒவ்வொரு ஓவரும், எதிரணியை அவுட்டாக்க நமக்கு இருக்கும் ஓவர்களில் ஒன்றைக் குறைக்கிறது. ஸ்கோர்போர்டில் ரன்னைப் பார்ப்பதற்கு முன்னால் இன்னும் எத்தனை ஓவர், இன்னும் எத்தனை விக்கெட் என்று பார்க்கப் பழகுங்கள். இதைப் பழகிக்கொண்டாலே பாதி டெஸ்ட் கிரிக்கெட் புரிந்துவிடும்.

விதி சின்னதுதான்

பேட்டிங் அணியின் கேப்டன், பந்து 'டெட்' ஆக, அதாவது ஆட்டத்தில் இல்லாமல், இருக்கும் எந்த நேரத்திலும் இன்னிங்ஸை முடித்துக்கொள்வதாக அறிவிக்கலாம், அதுதான் டிக்ளேர். இவ்வளவு ரன் அடித்திருக்க வேண்டும், இத்தனை விக்கெட் விழுந்திருக்க வேண்டும் என்று எந்தக் கணக்கும் கிடையாது. சொன்னது சொன்னதுதான், பிறகு மனசு மாறினால் திரும்பப் பெற முடியாது. ஒரு பந்துகூட ஆடாமல் ஒரு இன்னிங்ஸையே விட்டுக்கொடுக்கவும் விதியில் இடம் உண்டு.

அப்படி விட்டுக்கொடுத்த மேட்ச் ஒன்று இருக்கிறது, 2000 ஜனவரியில் செஞ்சூரியனில். மூன்று நாள் மழையில் போனது. தென்னாப்பிரிக்கா 248க்கு 8இல் டிக்ளேர் செய்தது, பிறகு இங்கிலாந்து தன் முதல் இன்னிங்ஸையும் தென்னாப்பிரிக்கா தன் இரண்டாவது இன்னிங்ஸையும் ஆடாமலே விட்டுவிட, 249 இலக்கை இங்கிலாந்து இரண்டு விக்கெட் மிச்சம் வைத்து எட்டியது. அடடா, என்ன பெருந்தன்மை என்று உலகமே தென்னாப்பிரிக்கக் கேப்டன் ஹன்ஸி க்ரோன்யேவைப் பாராட்டியது. சில மாதம் கழித்து, மேட்சுக்கு முடிவு வரவேண்டும் என்பதற்காக ஒரு சூதாட்டக்காரரிடம் பணமும் ஒரு தோல் ஜாக்கெட்டும் வாங்கியிருந்தார் என்பது வெளியே வந்தது. அதிலிருந்து, கேப்டன் ரொம்பத் தாராளமாக நடந்துகொண்டால் எனக்குக் கொஞ்சம் அரிக்கும். அது என் வியாதி, நீங்கள் பொருட்படுத்த வேண்டாம்.

அடுத்து: ஒரு பென்சில், ஒரு துண்டுக் காகிதம்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். டிக்ளரேஷன் என்பது வீரம் ஒரு பங்கு என்றால் வகுத்தல் கணக்கு மூன்று பங்கு.

கேலரியில் என் பக்கத்தில் வழக்கமாக ஒரு பெரியவர் உட்காருவார், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், சட்டைப் பையில் எப்போதும் பாதி தேய்ந்த ஒரு பென்சில் இருக்கும். டிக்கெட் கவரின் பின்பக்கத்தில் மூன்று வரி எழுதுவார். முதல் வரியில், மேட்ச் முடிய இன்னும் எத்தனை ஓவர். இரண்டாவது வரியில் அதிலிருந்து இரண்டைக் கழிப்பார், ஏனென்றால் இன்னிங்ஸ் மாறும் பத்து நிமிட இடைவேளை இரண்டு ஓவரைச் சாப்பிட்டுவிடும். மூன்றாவது வரியில், நம்முடைய லீடோடு, அதாவது நாம் முன்னிலையில் இருக்கும் ரன்னோடு, ஒன்று கூட்டி, அதை அந்த ஓவரால் வகுப்பார். வரும் விடைதான் எதிரணி ஓவருக்கு அடிக்க வேண்டிய ரன்.

என் சொந்த அளவுகோல் இது, விதி இல்லை: விடை மூன்றுக்குக் கீழே இருந்தால் எதிரணிக்கு வாயில் எச்சில் ஊறும். மூன்றரை என்றால் இரண்டு பக்கமும் ஆசையும் பயமும் சரிபாதி. நான்குக்கு மேல் என்றால் கேப்டன் தூங்கலாம், ஆனால் அவ்வளவு தள்ளிப்போட்டதில் பத்து விக்கெட் எடுக்க நேரம் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இப்போது டி20 பழக்கத்தில் எல்லோரும் வேகமாக அடிப்பதால் இந்த எண்களை இன்னும் அரை கூட்டிக்கொள்ளலாம் என்று பெரியவர் சொல்வார். நான் இன்னும் கூட்டவில்லை.

இந்தக் கணக்குக்குச் சேப்பாக்கத்தைவிட நல்ல பாடம் உலகத்திலேயே கிடையாது. 1986 செப்டம்பர், ஆஸ்திரேலியா முதல் இன்னிங்ஸில் 574க்கு 7 டிக்ளேர். டீன் ஜோன்ஸ் அந்தப் புழுக்கத்தில் வாந்தி எடுத்து எடுத்து 210 அடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கபில் தேவ் 119 அடித்து இந்தியாவை 397க்குக் கொண்டுவந்தார். நான்காம் நாள் முடிவில் ஆஸ்திரேலியா இரண்டாவது இன்னிங்ஸில் 170க்கு 5. ஐந்தாம் நாள் காலை ஒரு பந்துகூட ஆடாமல் கேப்டன் ஆலன் பார்டர் டிக்ளேர் செய்தார். பென்சிலை எடுங்கள்: இலக்கு 348, ஓவர் 87. சரியாக நான்கு. அந்தக் காலத்தில் ஓவருக்கு நான்கு என்றால் மலை, பார்டரின் கணக்கில் குற்றம் சொல்லவே முடியாது. ஆனால் கவாஸ்கர் 90 அடித்தார், மற்றவர்களும் ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்தார்கள், கடைசி ஓவருக்கு வரும்போது நான்கு ரன் வேண்டும், ஒரு விக்கெட்தான் கையில். சாஸ்திரி ஒரு இரண்டு, பிறகு ஒரு ஒன்று எடுத்து ஸ்கோரைச் சமமாக்கினார். மனிந்தர் சிங் ஒரு பந்தைத் தடுத்தார், அடுத்த பந்தில் எல்பிடபிள்யூ. 347 ஆல் அவுட், 86.5 ஓவர். டை. ஒரே ஒரு பந்து மிச்சம். சென்னை வெயிலில் ஸ்வெட்டரைக் கழற்றாமல் நாற்பது ஓவர் போட்ட கிரெக் மேத்யூஸுக்கு அந்த இன்னிங்ஸில் ஐந்து விக்கெட், மேட்சில் பத்து.

தோற்றால் பார்டரைக் கிழித்திருப்பார்கள், ஜெயித்திருந்தால் மேதை என்றிருப்பார்கள். இரண்டும் நடக்காததால் அவர் செய்தது சரியா தப்பா என்று இன்றைக்கும் திருவல்லிக்கேணி மெஸ்களில் சண்டை போட முடிகிறது.

எது கணக்கைக் கெடுக்கும்

பென்சில் சொல்லாத சில விஷயங்கள் இருக்கின்றன. பிட்ச் உடைந்திருக்கிறதா? நம் பவுலர்கள் எத்தனை ஓவர் போட்டுக் களைத்திருக்கிறார்கள்? 80 ஓவர் ஆனால்தான் அடுத்த புதுப் பந்து, அந்த நேரம் நம் கையில் இருக்கிறதா? எல்லாவற்றையும்விட, எதிரே முதலில் இறங்கப்போவது யார்?

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் 2008 டிசம்பரில் இங்கிலாந்துக் கேப்டன் கெவின் பீட்டர்சன் மாட்டினார். அதே சேப்பாக்கம், மும்பை தாக்குதல் நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, அகமதாபாத்தில் நடக்க வேண்டிய மேட்ச் இங்கே வந்தது. ஸ்ட்ராஸ் இரண்டு இன்னிங்ஸிலும் செஞ்சுரி, காலிங்வுட் ஒரு செஞ்சுரி. 311க்கு 9இல் டிக்ளேர், இலக்கு 387. இந்தியாவில் அதற்கு முன் யாரும் அவ்வளவு துரத்தியது கிடையாது, அதனால் தாளில் பார்த்தால் பத்திரம். ஆனால் நான்காம் நாள் டீக்குப் பிறகு கொஞ்ச ஓவர்தான் என்று நினைத்து இறக்கினால், வந்தவர் சேவாக். 68 பந்தில் 83. நான் அன்று கேலரியில் இருந்தேன், அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடற்காற்று வந்ததா இல்லையா என்றுகூட நினைவில்லை. பெரியவர் தன் மூன்றாவது வரியை அடித்துவிட்டு அடித்துவிட்டுத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது. 29 ஓவரில் 131க்கு 1. மறுநாளுக்கு 256தான். மலை ஒரே மாலையில் மேடாகிவிட்டது. மறுநாள் சச்சின் கடைசியாக அடித்த பவுண்டரியிலேயே அவருடைய செஞ்சுரியும் வந்தது, வெற்றியும் வந்தது. யுவராஜ் 85 நாட் அவுட்.

பீட்டர்சன் டிக்ளேர் செய்ததுதான் தப்பு என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தப்பு அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் நடந்தது, ஸ்ட்ராஸும் காலிங்வுட்டும் பிரிந்த பிறகு ரன் வேகம் ஏறுவதற்குப் பதிலாகப் படுத்துவிட்டது. டிக்ளேர் செய்யப்போகிறோம் என்று தெரிந்தால் அதற்கு முன் அடித்து ஆட வேண்டும், மெதுவாக உருட்டிவிட்டு டிக்ளேர் செய்வது ஹோட்டலில் அரை மணி நேரம் மெனு பார்த்துவிட்டு ஒரு காபி மட்டும் சொல்வது மாதிரி.

இப்படித் தோற்றவர்கள் நிறைய. 1968இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் வெஸ்ட் இண்டீஸ் கேப்டன் கேரி சோபர்ஸ் 92க்கு 2இல் டிக்ளேர் செய்து இங்கிலாந்துக்கு 165 நிமிடத்தில் 215 என்றார், அவர்கள் மூன்று நிமிடம் மிச்சம் வைத்து அடித்துவிட்டார்கள், அந்தத் தொடரில் முடிவு கண்ட ஒரே மேட்ச் அதுதான். 1984 லார்ட்ஸில் இங்கிலாந்துக் கேப்டன் டேவிட் கவர் 342 கொடுத்தார், கிரீனிட்ஜ் ஒற்றை ஆளாக 214 நாட் அவுட், வெஸ்ட் இண்டீஸ் ஒரே ஒரு விக்கெட்டை இழந்து ஜெயித்துவிட்டது. 2001 ஹெடிங்லியில் ஆஸ்திரேலியாவின் தற்காலிகக் கேப்டன் கில்கிறிஸ்ட் 315 கொடுத்து இங்கிலாந்தின் மார்க் புட்சரிடம் 173 வாங்கிக்கட்டிக்கொண்டார். 2021இல் சட்டோகிராமில் வங்கதேசம் 395 கொடுத்தது, முதல் டெஸ்ட் ஆடிய வெஸ்ட் இண்டீஸின் கைல் மேயர்ஸ் 210 அடித்துத் துரத்திவிட்டார்.

இதற்கு எதிர்ப்பக்கமும் பாருங்கள். 2001 மார்ச் கொல்கத்தா. நான்காம் நாள் முழுக்க அவுட்டாகாமல் நின்ற லக்ஷ்மண், திராவிட் கதை எல்லோருக்கும் தெரியும், தெரியாத பாதி, கங்குலி ஐந்தாம் நாள் காலையிலும் கொஞ்ச நேரம் பேட்டிங்கைத் தொடர்ந்தார் என்பது. 657க்கு 7இல்தான் டிக்ளேர், இலக்கு 384. லேட் பண்ணுகிறாரே என்று முணுமுணுப்பு. ஆஸ்திரேலியா 212இல் சுருண்டது. எதிரணியால் ஜெயிக்க முடியாது, டிரா செய்துவிடலாம் என்ற நம்பிக்கை மட்டும் இருக்கும், அந்த இடைவெளியைச் சரியாகப் பிடித்தார். ஆனால் அதே கங்குலி 2004 சிட்னியில் 443 கொடுத்தபோது ஆஸ்திரேலியா 357க்கு 6 என்று நின்று டிரா செய்துவிட்டது, இன்னும் கொஞ்சம் முன்னால் கொடுத்திருந்தால் அந்தத் தொடரே நம்முடையது. என்னைக் கேட்டால், பத்து கேப்டன்களில் எட்டுப் பேர் லேட்டாகத்தான் டிக்ளேர் செய்கிறார்கள். சீக்கிரம் செய்து தோற்றவரைத்தான் நாம் பெயர் சொல்லித் திட்டுகிறோம், லேட்டாகச் செய்து டிரா வாங்கியவரை மறந்துவிடுகிறோம், அதனால் அவர்களுக்கும் பயம் போவதில்லை.

சாயங்கால டிக்ளரேஷன்

இது வேறு ரகம். நாள் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது டிக்ளேர். நாள் முழுக்க ஃபீல்டிங் செய்து கால் வலிக்கும் ஓப்பனர் பத்து நிமிடத்தில் பேட் கட்டிக்கொண்டு மங்கும் வெளிச்சத்தில் புதுப் பந்தை ஆட வேண்டும். 2023 எட்ஜ்பாஸ்டனில் இங்கிலாந்துக் கேப்டன் பென் ஸ்டோக்ஸ் முதல் நாளிலேயே இதைச் செய்தார், 393க்கு 8, ரூட் 118இல் நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போது. அன்று போட்ட நான்கு ஓவரில் விக்கெட் விழவில்லை. கடைசியில் ஆஸ்திரேலியா இரண்டு விக்கெட்டில் ஜெயித்தது, ரூட்டை இன்னும் அரை மணி நேரம் விட்டிருந்தால் என்று அப்போதிலிருந்து ஒரு கூட்டம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

செஞ்சுரிக்காகக் காத்திருப்பதா?

இதைப் பற்றி அக்கா மகள்தான் கேட்டாள், நம் ஊரில் இது பெரிய விவகாரம். 2004 முல்தானில் சச்சின் 194இல் இருக்கும்போது தற்காலிகக் கேப்டன் திராவிட் டிக்ளேர் செய்தார், 675க்கு 5. இந்தியா ஒரு இன்னிங்ஸும் 52 ரன்னும் வித்தியாசத்தில் ஜெயித்தது, ஆனாலும் டீக்கடையில் இன்றைக்கும் அது ஆறாத புண். 1995 சிட்னியில் இங்கிலாந்துக் கேப்டன் ஆதர்டன், கிரேம் ஹிக் 98இல் இருக்கும்போது மூடிவிட்டார். இதற்கு நேர்மாறாக, 2016 டிசம்பரில் சேப்பாக்கத்தில் கருண் நாயர் முந்நூறைத் தொடும்வரை கோலி காத்திருந்தார், 759க்கு 7 டிக்ளேர், மறுநாள் ஜடேஜா ஏழு விக்கெட் எடுத்ததால் காத்திருந்தது யாருக்கும் உறுத்தவில்லை. பத்து விக்கெட் விழுந்துவிட்டால் எல்லாம் நியாயம், விழாவிட்டால் அந்த அரை மணி நேரத்தைத் தோண்டுவார்கள்.

இப்போது பந்துக்கு வாருங்கள்

டிக்ளேர் செய்து நேரத்தைக் கொடுத்தாயிற்று. அந்த நேரத்தில் பத்து விக்கெட் எடுக்கப் பந்து ஏதாவது செய்தாக வேண்டும். பிட்ச் செத்துக் கிடக்கிறது, பந்து ஐம்பது ஓவர் பழசு, புதுப் பந்துக்கு இன்னும் முப்பது ஓவர். இந்த இடத்தில்தான் கைகள் பாக்கெட்டுக்குப் போகின்றன.

முடிந்தால் ஒரு பழைய லெதர் பந்தைக் கையில் வாங்கிப் பாருங்கள், லீக் ஆடும் பையன் யாரிடமாவது இருக்கும். எடை 156 கிராமிலிருந்து 163க்குள். நடுவே தையல், அதைத்தான் சீம் என்கிறோம், இந்தியாவில் ஆடும் எஸ்ஜி பந்தில் இது கையால் தைத்தது, புதிதாக இருக்கும்போது விரல் நுனியில் கீறும் அளவுக்கு எழும்பி நிற்கும். சீமுக்கு ஒரு பக்கம் தோல் கன்னம் மாதிரி வழவழவென்று இருக்கும், மறுபக்கம் மணல்தாள் பட்டது போலச் சொரசொரப்பாக இருக்கும். இது தற்செயலாக நடந்ததில்லை, ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்துத் தேய்த்து அணியே சேர்ந்து வளர்த்தது. காற்று இரண்டு பக்கமும் வேறு வேறு மாதிரி பிரிவதால் பந்து திரும்பும். புதிதாக இருக்கும்போது சொரசொரப்புப் பக்கம் நோக்கிப் போகும், அது சாதாரண ஸ்விங். பந்து பழசாகி ஒரு பக்கம் நன்றாகக் கரடாகிவிட்டால், வேகமாகப் போடுபவர் கையில் அது பளபளப்புப் பக்கம் நோக்கிப் போகும், பேட்டர் எதிர்பார்த்ததற்கு நேர் எதிர். அதுதான் ரிவர்ஸ் ஸ்விங். அந்தக் கரடு வெயிலாலும் காய்ந்த பிட்சாலும் வந்தால் திறமை, நகத்தாலும் மணல்தாளாலும் வந்தால் குற்றம்.

எதற்கு அனுமதி? பேன்ட்டில் தேய்க்கலாம், நேரத்தை வீணாக்காமல். வியர்வை போடலாம். ஈரமாகிவிட்டால் அம்பயர் ஒப்புக்கொண்ட துணியில் துடைக்கலாம். சேறு ஒட்டினால் அம்பயர் கண்முன்னால் எடுக்கலாம். எச்சில் கூடாது, கொரோனாவுக்காக 2020இல் வந்த தடை 2022 அக்டோபரிலிருந்து நிரந்தரமாகிவிட்டது. தரையில் தேய்ப்பது, நகத்தால் சீமைக் கிளப்புவது, வெளிப்பொருள் எதையாவது பூசுவது எல்லாம் தப்பு. பிடிபட்டால் எதிரணிக்கு ஐந்து ரன், பந்து மாறும், அப்புறம் மேட்ச் ரெஃப்ரியிடம் தனியாகப் பஞ்சாயத்து. 2018 செப்டம்பரிலிருந்து இதற்குத் தண்டனை ஆறு டெஸ்ட் வரைக்கும் தடை என்று ஏறியிருக்கிறது.

வியர்வைக்கு அனுமதி என்றதும் சென்னையில் அதற்கா பஞ்சம் என்று தோன்றும். தலைகீழ். ரிவர்ஸுக்குப் பந்தின் கரடுப் பக்கம் காய்ந்திருக்க வேண்டும், சொதசொதவென்று பதினொரு பேர் கை பட்டால் தோல் ஊறிப்போகும். அதனால் வியர்க்காத கைக்காரர் ஒருவரிடம் அந்த வேலையை ஒப்படைப்பார்கள். இங்கிலாந்துக்கு அலஸ்டர் குக் அப்படி இருந்தார், அவருக்கு வியர்க்கவே வியர்க்காதாம். பந்து பவுலரிடம் போகும் வழியில் ஒவ்வொரு முறையும் ஒரே ஆளிடம் நின்று போகிறதா என்று கவனியுங்கள், அவர்தான் அந்த அணியின் பந்து வைத்தியர்.

நம் ஊர் வியர்வையில் வழுக்கிய வாஸ்லின்

1977 ஜனவரி, பொங்கல் டெஸ்ட், இங்கிலாந்துக் கேப்டன் டோனி கிரெய்க். வேகப்பந்து வீச்சாளர் ஜான் லீவருக்கும் பாப் வில்லிஸுக்கும் நெற்றி வியர்வை கண்ணில் வழிகிறது என்று, அணியின் பிசியோ யோசனையில் வாஸ்லின் தடவிய துணிப்பட்டையைப் புருவத்துக்கு மேலே ஒட்டிக்கொண்டார்கள். அம்பயர் ரூபன் கண்ணில் அந்தப் பட்டை பட்டது. இந்தியக் கேப்டன் பிஷன் பேடி, இது பந்துக்குப் பளபளப்பு ஏற்றுகிற வேலை என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். இங்கிலாந்து மறுத்தது, வியர்வைக்காகத்தான் என்றது, கடைசியில் லீவர் மேல் நடவடிக்கை ஏதும் இல்லை. மேட்சை இங்கிலாந்து 200 ரன்னில் ஜெயித்தது, இந்தியா இரண்டாவது இன்னிங்ஸில் 83. அதே மேட்சில் இங்கிலாந்து 185க்கு 9இல் டிக்ளேர் செய்திருந்தது என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டும், நம் தலைப்பு இரண்டும் ஒரே ஸ்கோர்கார்டில்.

சென்னையில் ஜனவரியில்கூட நெற்றி வழியும் என்பது நமக்குத் தெரியும், அதனால் லீவர் சொன்னதை என்னால் முழுசாகத் தள்ள முடியவில்லை. ஆனால் புருவத்தைத் துடைத்த கைதான் பந்தையும் தேய்க்கிறது, பேடியையும் தள்ள முடியவில்லை.

பார்த்ததும் கத்தாதீர்கள்

டிவியில் ஒருவர் பந்தின் மேல் விரல் வைப்பதைப் பெரிதாக்கிக் காட்டினாலே நம் வாட்ஸப்பில் தீர்ப்பு வந்துவிடும். கொஞ்சம் பொறுங்கள். 2001 போர்ட் எலிசபெத்தில் சச்சின் மேல் வந்தது, அம்பயருக்குத் தெரியாமல் பந்தைச் சுத்தம் செய்தார் என்பதுதான், அதற்கே நாடு கொந்தளித்தது. 2004இல் ஒரு நாள் மேட்சில் திராவிட் வாயிலிருந்த இருமல் மிட்டாயின் பிசின் பந்தில் ஏறியதற்குப் பாதிச் சம்பளம் அபராதம், அதுவும் திராவிட்! 2023 நாக்பூரில் ஜடேஜா விரலில் வலி மருந்து தடவியது பந்தைக் கெடுக்க இல்லை என்று ரெஃப்ரியே ஏற்றுக்கொண்டார், அம்பயரிடம் கேட்காமல் தடவியதற்குத்தான் 25 சதவீத அபராதம்.

2006 ஓவலில் என்ன ஆனது? அம்பயர் டேரல் ஹேர் பந்து கெடுக்கப்பட்டிருக்கிறது என்று பாகிஸ்தானுக்கு ஐந்து ரன் தண்டனை கொடுத்தார், டீக்குப் பிறகு இன்சமாம் அணி வெளியே வர மறுத்தது, மேட்ச் இங்கிலாந்துக்கு என்று அறிவித்துவிட்டார்கள், டெஸ்ட் வரலாற்றிலேயே முதல் முறை. விசாரணையில் பந்தைக் கெடுத்த குற்றச்சாட்டு நிற்கவில்லை, ஆட்டத்துக்கு அவப்பெயர் தேடியதற்குத்தான் இன்சமாமுக்கு நான்கு ஒரு நாள் மேட்ச் தடை.

சந்தேகமே இல்லாமல் நடந்தது 2018 மார்ச் கேப் டவுன். ஆஸ்திரேலியாவின் பான்கிராஃப்ட் மஞ்சளாக எதையோ பேன்ட்டுக்குள் திணிப்பதை மைதானத்துப் பெரிய திரையே காட்டியது. அம்பயர்கள் பந்தை வாங்கிப் பார்த்தார்கள், மாற்றவில்லை. சாயங்காலம் பசை டேப்பில் மண் ஒட்டியது என்றார்கள், பிறகு மணல்தாள் என்று தெரிந்தது. ஸ்மித், வார்னர் ஆளுக்கு ஓராண்டு, பான்கிராஃப்டுக்கு ஒன்பது மாதம். அந்த மேட்சில் ஆஸ்திரேலியா 322 ரன்னில் தோற்றது.

ஆகவே, விரலைப் பார்ப்பதைவிட அம்பயரைப் பாருங்கள். விக்கெட் விழும்போதும் இடைவேளையிலும் பந்து அவர்கள் கைக்குத்தான் போகும். சும்மா வாங்கிப் பையில் போட்டால் ஒன்றுமில்லை. இரண்டு பேரும் சேர்ந்து குனிந்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, ஃபீல்டிங் கேப்டனைக் கூப்பிட்டால் விஷயம் இருக்கிறது.

டிக்கெட் வாங்கும்போது

ஒரே நாள்தான் போக முடியும் என்றால் நான்காம் நாள். ஸ்விங்கைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் பவுலர் கைக்கு நேர் பின்னால் சீட் வேண்டும், அது விலை அதிகம். பக்கவாட்டில் உட்கார்ந்தால் பந்து எவ்வளவு எழும்புகிறது, ஸ்லிப் எவ்வளவு முன்னால் நிற்கிறது என்பதுதான் தெரியும், டிக்ளரேஷன் கணக்குக்கு அது போதும். பென்சில் கொண்டுபோங்கள், போன் சார்ஜ் மதியமே இறங்கிவிடும். சேப்பாக்கம் பறக்கும் ரயில் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் பார்க்கிங் தொல்லை இல்லை.

அக்கா மகளோடு போன அன்று 515 இலக்கு. வெளிச்சம் போய் ஆட்டத்தை நிறுத்தியபோது வங்கதேசம் 158க்கு 4. "இன்னும் ஆறு மாமா" என்றாள், ரன்னைச் சொல்லவில்லை. நாளைக்குச் சாயங்காலம் வரை ஆகும், லஞ்ச்சுக்கு என்ன செய்வது என்று அக்காவிடம் போனில் பெரிய ஏற்பாடெல்லாம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அஸ்வினும் ஜடேஜாவும் போட ஆரம்பித்தார்கள், 234இல் எல்லாம் முடிந்தது, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வீட்டில் இருந்தோம்.